அந்தச் சிவப்பு நட்சத்திரத்தை யார் வைத்தது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

என் மகளுக்கு 11 வயது, ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆனால் "உங்கள் மகள் இன்று கல்லூரிக்கு வரவில்லை" என்று மாதத்துக்கு நாலைந்து முறை என் கைப்பேசிக்குச் செய்தி வந்துவிடுகிறது. மூன்று பெண்களைப் பற்றி அப்படி வருகிறது. மூவருக்கும் நான் அப்பா இல்லை, சொந்தக்காரனும் இல்லை. செஞ்சிக்குப் பக்கத்தில் 14 வருடமாக ஜெராக்ஸ் கடையும் நெட் சென்டரும் நடத்துகிறேன், அவர்களுடைய கல்லூரி விண்ணப்பத்தை என் கடையில் வைத்து நிரப்பினோம், அவ்வளவுதான் உறவு. அந்த விண்ணப்பத்தில் 'தந்தையின் கைப்பேசி எண்' என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நட்சத்திரம் இருந்தது.

நட்சத்திரம் இருந்தால் அந்தக் கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் போக முடியாது. முதலில் வந்த பெண்ணின் அப்பா, அவளுக்கு இரண்டு வயதிருக்கும்போதே வீட்டை விட்டுப் போனவர். ஆந்திரா பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள். அம்மா செங்கல் சூளையில் வேலை செய்து பிளஸ் டூ வரை படிக்க வைத்திருக்கிறார். கட்டத்தைக் காலியாக விட்டேன், சிவப்பு எழுத்தில் பிழை என்று வந்தது. பத்து பூஜ்யம் போட்டேன், சரியான எண் கொடு என்றது. அம்மாவின் எண்ணையே போட்டேன், தாயின் எண்ணும் தந்தையின் எண்ணும் ஒன்றாக இருக்கக் கூடாது என்றது. சரி என்று கல்லூரிக்கே போன் செய்து கேட்டோம், எடுத்தவர் "ஏதாவது ஒரு நம்பர் போடுங்க சார், சாஃப்ட்வேர் அப்படித்தான்" என்று வைத்துவிட்டார். அம்மா கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் நின்றார், அப்புறம் "அண்ணே, உங்க நம்பரையே போட்டுடுங்க" என்றார். போட்டேன். ஓ.டி.பி. என் போனுக்கு வந்தது. அடுத்த இரண்டு வருடத்தில் இதே மாதிரி இன்னும் இரண்டு பேர்.

எல்லாச் சேவைகளும் இணையத்துக்கு வந்துவிட்டதால் மக்களுக்கு அலைச்சல் மிச்சம் என்று உங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்ததால்தான் இதை எழுதுகிறேன். அந்தக் கட்டுரையை நான் மறுக்கவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் புரோக்கர்களிடம் பணம் கொடுத்து, ஒரு சான்றிதழுக்காக மூன்று நாள் கூலியை விட்டு நின்ற ஜனங்களைப் பார்த்தவன் நான். வருமானச் சான்றும் இருப்பிடச் சான்றும் இப்போது வீட்டுக்குப் பக்கத்திலேயே எடுக்க முடிகிறது, அது பெரிய விஷயம். ஆனால் பழைய காகித அப்ளிகேஷனில் ஒரு கட்டம் பொருந்தவில்லை என்றால் அதில் ஒரு கோடு போட்டுவிட்டு, மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் வாயால் விளக்கம் சொல்லலாம். அவர் நல்லவராக இருந்தால் ஏற்றுக்கொள்வார், இல்லையென்றால் சண்டையாவது போடலாம். இணையப் படிவத்தோடு சண்டை போட முடியாது. இந்த ஊரில் ஒரு குடும்பம் என்றால் எப்படி இருக்க வேண்டும், ஒரு பெயர் என்றால் எப்படி இருக்க வேண்டும், ஆண் பெண் என்றால் என்ன என்று யாரோ ஒருவர் எங்கோ உட்கார்ந்து முடிவு செய்து நட்சத்திரம் போட்டுவிடுகிறார். சட்டமன்றத்தில் பேசப்படாத, கோர்ட்டில் வாதாடப்படாத முடிவு அது. அதைத்தான் நான் கேள்வி கேட்கிறேன்.

தொழில்நுட்பம் தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். டிப்ளமோ படித்தவன், எச்.டி.எம்.எல். எழுதிப் பக்கம் செய்யத் தெரியும். ஒரு கட்டத்தைக் கட்டாயமாக்க, பக்கத்தை எழுதும்போது அந்தக் கட்டத்தின் வரியில் 'ரெக்வயர்ட்' என்று ஒரே ஒரு சொல்லைச் சேர்த்தால் போதும். காலியாக இருந்தால் பிரவுசரே தடுத்து நிறுத்திவிடும். அது முதல் கதவு. இரண்டாவது கதவு சர்வரில் இருக்கிறது, அங்கே இன்னொரு முறை சரிபார்ப்பார்கள். மூன்றாவது, தகவலைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ், அங்கே அந்தக் கட்டத்துக்கான இடம் வெறுமையாக இருக்கக் கூடாது என்று ஆரம்பத்திலேயே அமைத்திருப்பார்கள். மூன்றையும் மாற்ற எத்தனை நாள் ஆகும் என்று இந்த வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள், பெரும்பாலான படிவங்களுக்கு ஒரு நாள் வேலை என்பார்கள். கடினமாக இருப்பது வேலை இல்லை, மாற்றச் சொல்லி யாரும் உத்தரவிடாததுதான்.

சட்டம் எவ்வளவோ முன்னால் போய்விட்டது. திருமணம் ஆகாத ஒரு தாய், குழந்தையின் தகப்பன் பெயரைச் சொல்லாமலே, அவருக்கு நோட்டீஸ் அனுப்பாமலே, குழந்தைக்குச் சட்டப்படி காப்பாளராக இருக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2015 ஜூலை 6-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. தனியாக இருக்கும் தாய் கேட்டால் ஒரு பிரமாணப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் கொடுக்க வேண்டும் என்றும் அதிலேயே சொன்னது. 2016 டிசம்பரில் பாஸ்போர்ட் விதியை மாற்றி, அப்பா, அம்மா, காப்பாளர் இவர்களில் ஒருவர் பெயர் இருந்தால் போதும் என்றார்கள். பான் கார்டில் 2018 டிசம்பர் 5 முதல், தாய் மட்டுமே வளர்த்தவர்கள் தாயின் பெயரை மட்டும் கொடுக்கலாம் என்று வந்தது. ஆக உச்ச நீதிமன்றமும் வெளியுறவுத் துறையும் வருமான வரித் துறையும் ஏற்றுக்கொண்டுவிட்ட ஒரு விஷயத்தை, ஒரு கல்லூரியின் அட்மிஷன் படிவம் ஏற்றுக்கொள்ளவில்லை. பாஸ்போர்ட்டுக்கே தேவைப்படாத அப்பா, பி.எஸ்ஸி. கணிதம் படிக்க எதற்குத் தேவைப்படுகிறார்?

திருநங்கைகள் விஷயமும் இப்படித்தான். கூவாகம் இருக்கிற கள்ளக்குறிச்சி, எங்கள் விழுப்புரத்திலிருந்து 2019-ல் பிரிந்த மாவட்டம். அந்தப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் ஊரில் தங்கிவிட்டவர்கள் சிலர் என் கடைக்கு வருவார்கள். தமிழ்நாட்டில் 2008-லேயே அவர்களுக்கு நலவாரியம் அமைத்தாகிவிட்டது. 2014 ஏப்ரல் 15-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தை அங்கீகரித்தது. ஆதாரில் ஆண், பெண், திருநர் என்று மூன்று இருந்தது, ஆனால் பான் கார்டு விண்ணப்பத்தில் 2018 ஏப்ரல் வரைக்கும் இரண்டுதான். ஆதாரில் உண்மையைச் சொன்னவருக்குப் பான் கார்டோடு இணைக்கும்போது பாலினம் பொருந்தவில்லை என்று வந்து நின்றுவிடும். நாட்டின் உச்ச நீதிமன்றம் நீ இருக்கிறாய் என்று சொல்லி நாலு வருடம் ஆன பிறகும் படிவத்தில் அவருக்கு இடம் இல்லை. அது சரியானதில் எனக்கு மகிழ்ச்சி. ஆனால் தனியார் வேலைக்கு விண்ணப்பிக்கும் தளங்களில், வாடகை வீடு தேடும் செயலிகளில் இன்னமும் இரண்டே வட்டம் போட்டு ஒன்றைத் தொடு என்கிற படிவங்களை நான் பார்க்கிறேன். என்னிடம் வரும் ஒருவர் ஒவ்வொரு முறையும் "நீங்களே ஏதோ ஒண்ணு தொடுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். எனக்குக் கை வராது.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன், இதில் எங்கள் ஜனங்கள் எல்லோருமே மாட்டிக்கொள்கிறார்கள். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். பெரியார் தன் பெயருக்குப் பின்னால் இருந்ததை எடுத்தார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தமிழ்நாட்டில் சாதியைப் பெயரோடு ஒட்டிக்கொள்வது வெட்கப்பட வேண்டிய காரியம் என்று ஆனது. சாதி போய்விடவில்லை, அது எனக்குத் தெரியும். ஆனால் பெயரைக் கேட்டவுடனே இன்னார் என்று கண்டுபிடிக்க முடியாமல் செய்ததே ஒரு பெரிய சாதனை என்றுதான் நான் நினைக்கிறேன். நமக்கு இருப்பது ஒரு பெயர், முன்னால் அப்பாவின் முதல் எழுத்து. இப்போது சிலர் அம்மாவின் எழுத்தையும் சேர்த்துக்கொள்கிறார்கள், நல்லது.

ஆனால் படிவம் என்ன கேட்கிறது? முதல் பெயர், நடுப் பெயர், கடைசிப் பெயர். கடைசிப் பெயருக்குச் சிவப்பு நட்சத்திரம். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளும் ஊர்க்காரர்களின் வழக்கத்தை எடுத்து, உலகம் முழுவதும் இப்படித்தான் என்று நினைத்துக் கட்டம் போட்டிருக்கிறார்கள். இனிஷியல் போட்டால் ஒற்றை எழுத்து கூடாது என்கிறது, புள்ளி வைத்தால் சிறப்புக் குறியீடு கூடாது என்கிறது. அதனால் ஒரே ஆள், மார்க் ஷீட்டில் முருகன் சு., ஆதாரில் எஸ் முருகன், பான் கார்டில் முருகன் சுப்பிரமணி. 'ழ'வுக்கு ஒருவர் எல் போடுவார், இன்னொருவர் இசட்-எச் போடுவார், ஆக தமிழ்ச்செல்வி என்ற பெயருக்கு ஐந்து விதமான ஸ்பெல்லிங்கை நானே அடித்திருக்கிறேன். கம்ப்யூட்டருக்கு இவர்கள் எல்லாம் வேறு வேறு ஆட்கள்.

இதனால் போவது மரியாதை மட்டும் இல்லை, பணமும் போகிறது. பான்-ஆதார் இணைப்புக்கு 2023 ஜூன் 30 கடைசி நாள் என்று சொல்லி 1,000 ரூபாய் கட்டணம் வைத்திருந்தார்கள் அல்லவா, அந்த மாதம் என் கடையில் நின்ற கூட்டத்தில் பெயர் பொருந்தாமல் திரும்பியவர்கள்தான் எத்தனை பேர்! கட்டணத்தை முதலில் கட்ட வேண்டும், அப்புறம்தான் பெயர் பொருந்துகிறதா என்று தெரியும். 2024 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைக்கு ஆதார் வழியாகத்தான் கூலி என்று கட்டாயமானபோதும் அதே கதை. வேலை அட்டையில் ஒரு பெயர், ஆதாரில் ஒரு பெயர். ஏரி வெட்டிய கையோடு வந்து "தம்பி, எனக்குக் காசு ஏறலை, என்னன்னு பாரு" என்று கேட்ட பாட்டிக்கு, உங்கள் பெயரில் ஒரு எழுத்து வேறாக இருக்கிறது என்று நான் எப்படிப் புரியவைப்பது? அவர் பெயரை அவர் எழுதவே இல்லை, யாரோ எழுதினார்கள்.

ஐக்கிய அரபு எமிரேட்ஸ் 2022 நவம்பரில், பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் சுற்றுலா விசாவில் உள்ளே விட மாட்டோம் என்று அறிவித்தது ஞாபகம் இருக்கும். பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் அப்பா பெயர் இருந்தால் போதும் என்று சில நாளில் தெளிவுபடுத்தினார்கள். அந்தச் சில நாளில் எங்கள் பக்கத்துப் பையன்கள் பட்ட பதற்றம் கொஞ்சம் இல்லை. சாதியை விட்டவனுக்கு உலகத்தின் படிவங்களில் இடம் குறைவு. கடைசிப் பெயர் கொடு, கொடு என்று கேட்டுக்கொண்டே இருந்தால், நாளைக்கு ஒரு தலைமுறை "பாட்டனார் பட்டத்தையே போட்டுவிடலாமே, வேலை சுலபமாக முடியும்" என்று நினைக்கும். இரண்டு பேர் என்னிடமே அப்படிக் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

பான் கார்டு விண்ணப்பத்தில் ஸ்ரீ, ஸ்ரீமதி, குமாரி என்று ஒரு வரிசை இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? ஆணுக்கு ஒன்றே ஒன்று. பெண்ணுக்கு மட்டும் கல்யாணம் ஆனதா ஆகவில்லையா என்று வரி கட்டும் எண்ணுக்குக்கூடச் சொல்ல வேண்டும். கணவரை இழந்த ஒரு டீச்சர் எதைத் தொடுவது என்று தெரியாமல் என்னைப் பார்த்தார். அதற்கு மேல் நான் எதுவும் எழுத விரும்பவில்லை.

இனி சாதிக் கட்டம். இதில் என் கருத்து நிறையப் பேருக்குப் பிடிக்காது, இருந்தாலும் எழுதுகிறேன். படிவத்தில் சாதி கேட்பதால்தான் சாதி வாழ்கிறது, அந்தக் கட்டத்தை எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று படித்த இளைஞர்கள் சிலர் என் கடையில் நின்றே வாதம் செய்வார்கள். அவர்களைப் பார்த்து நான் கேட்பது இதுதான், உங்கள் ஊரில் டீக்கடையிலும் சுடுகாட்டிலும் கோயில் திருவிழாவிலும் சாதி எந்தப் படிவத்தைப் பார்த்து நடக்கிறது? இடஒதுக்கீட்டுக்காகவும் உதவித்தொகைக்காகவும் கேட்கப்படும் சாதி, கணக்கு எடுத்து நியாயம் செய்வதற்காகக் கேட்கப்படுவது. அந்தக் கட்டம் இருந்தே ஆக வேண்டும். அதை எடுக்கச் சொல்பவர்களில் பெரும்பாலோர், அதனால் எதையும் இழக்காதவர்கள்.

எங்கள் பகுதியில் இருளர் குடும்பங்கள் நிறைய. தமிழ்நாட்டுப் பழங்குடிகள் பட்டியலில் 37 சமூகங்கள் இருக்கின்றன, அதில் மிகவும் நலிந்தவை என்று அரசு தனியாகக் குறித்த ஆறில் இருளரும் ஒன்று. பழங்குடிச் சான்றிதழை தாசில்தார் கொடுக்க முடியாது, ஆர்.டி.ஓ. என்கிற வருவாய்க் கோட்டாட்சியர் அல்லது சப் கலெக்டர்தான் கொடுக்க வேண்டும். இணையத்தில் விண்ணப்பிக்கும்போது பெற்றோரின் சாதிச் சான்றிதழை அப்லோடு செய்யச் சொல்கிறது. செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் ஊர் ஊராகப் போனவர்கள், பள்ளிக்கூடமே பார்க்காதவர்கள், அவர்களிடம் ஏது சான்றிதழ்? குடும்பத்தில் முதல் ஆளாகப் படிக்க வந்த பையனுக்குத்தான் சான்றிதழ் மிக அவசரமாகத் தேவை, அவனிடம்தான் உன் அப்பா சான்றிதழ் எங்கே என்று கேட்கிறார்கள். விசாரணை நடக்கட்டும், நேரில் போய்ப் பார்க்கட்டும், அது அதிகாரியின் வேலை. ஆனால் விசாரணையே தொடங்காமல் அப்லோடு பட்டனிலேயே பையனை நிறுத்தி வைப்பது எந்த நியாயத்திலும் சேராது. ஒரு பையனுக்காக அப்படி மூன்று முறை முயன்று, நாலாவது முறை அவனையே மனு எழுத வைத்துத் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்குக் கலெக்டர் ஆபீசுக்கு அனுப்பினேன். எல்லாமே இணையத்தில் என்று சொன்ன பிறகு, கடைசியில் காகிதத்தில் எழுதித்தான் கதவு திறந்தது.

அதே சமயம், சாதி கேட்கத் தேவையே இல்லாத இடத்தில் கேட்பதை நான் முழுமையாக எதிர்க்கிறேன். ஒரு தனியார் கம்ப்யூட்டர் கோர்ஸ், கட்டணம் முழுசாக வாங்குகிறார்கள், இடஒதுக்கீடு எதுவும் கிடையாது, அங்கே சாதி, உட்பிரிவு இரண்டுக்கும் நட்சத்திரம். எதற்கு? வாடகை வீட்டுச் செயலியில் சைவம் மட்டும் என்று ஒரு வடிகட்டி. முன்பெல்லாம் வீட்டுக்காரர் நேருக்கு நேர் நீங்க என்ன ஆளுங்க என்று கேட்க வேண்டும், கேட்பதற்குக் கொஞ்சமாவது கூச்சப்பட வேண்டும். இப்போது அந்தக் கூச்சமும் தேவையில்லை, செயலியே அவர் சார்பாக ஆட்களைக் கழித்துவிடுகிறது, கழிக்கப்பட்டவனுக்கும் தான் கழிக்கப்பட்டது தெரியாது. நியாயத்துக்காகச் சாதியைக் கேட்பதும் ஒதுக்குவதற்காகக் கேட்பதும் ஒன்றாகாது.

மதம் பற்றியும் ஒரு வார்த்தை. பள்ளிச் சான்றிதழில் சாதி, மதம் குறிப்பிட விருப்பமில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விடலாம் என்று தமிழ்நாடு அரசு 1973-லேயே ஆணை போட்டிருக்கிறது. ஐம்பது வருடத்துக்கு முந்திய ஆணை. டிராப் டவுன் பட்டியலில் மட்டும் 'இல்லை' என்ற ஒரு வரியைச் சேர்க்க இன்னும் பல பேருக்கு மனம் வரவில்லை.

இதையெல்லாம்விட என்னைத் தூங்க விடாத விஷயம் ஓ.டி.பி. போன வருடம் ஒரு பெண் வந்தார். கணவன் விட்டுவிட்டுப் போய்ச் சில வருடம் ஆகிறது. கைவிடப்பட்ட பெண் என்பதற்கான சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இ-சேவையில் அந்தச் சான்றிதழும் இருக்கிறது, நல்ல ஏற்பாடு. ஆதார் எண்ணைப் போட்டோம், ஓ.டி.பி. அனுப்பியாகிவிட்டது என்று வந்தது. அவர் கையில் இருந்த போனில் எதுவும் வரவில்லை. கடைசி இரண்டு எண்களைப் பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. கல்யாணம் ஆன புதிதில் கணவன் கூட்டிப்போய் ஆதாரில் விலாசம் மாற்றியபோது தன் எண்ணையே கொடுத்திருக்கிறான். அவன் கைவிட்டான் என்று சான்றிதழ் வாங்க, அவன் போனுக்கே தகவல் போகிறது. அன்று மாலையே அவன் போன் செய்து மிரட்டியிருக்கிறான்.

ஆதார் மையத்துக்கு நேரில் போய்க் கைரேகை வைத்து எண்ணை மாற்றிக்கொள்ளலாம், நான்தான் அனுப்பி வைத்தேன், மாற்றியும் விட்டார். ஆனால் எத்தனை பெண்களுக்கு இது தெரியும்? எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்கு ஒரு நல்ல போன், அது ஆணிடம் இருக்கும். பேங்க், கேஸ், ரேஷன் எல்லாவற்றுக்கும் அதே எண். ஒரு கைப்பேசி எண் என்றால் ஒரு மனிதர் என்று நினைத்து இந்த அமைப்பைக் கட்டியிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு எண் என்றால் ஒரு வீடு, அந்த வீட்டில் யார் கை ஓங்கியதோ அவர் கையில் சாவி. அடி வாங்கும் பெண்ணின் ஒவ்வொரு முயற்சியும் அடிக்கிறவனின் பாக்கெட்டில் மணி அடித்துச் சொல்கிறது. பெண்கள் பாதுகாப்பு பற்றிப் பேசுகிற எல்லோரும் இதையும் பேச வேண்டும் என்று கைகூப்பிக் கேட்கிறேன். குடும்ப வன்முறை, கைவிடப்பட்டோர், விதவையர் தொடர்பான சேவைகளுக்காவது ஓ.டி.பி. அனுப்பும் முன்னால் 'இந்த எண் உங்கள் கையில் இருக்கிறதா?' என்று ஒரு கேள்வி வேண்டும். இல்லை என்று தொட்டால் கைரேகை வழியோ, நேரில் சரிபார்க்கும் வழியோ திறக்க வேண்டும்.

நட்சத்திரத்தைத் தளர்த்தினால் ஏமாற்றுவார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களுக்கு என் பதில், இப்போதுதான் பொய் நடக்கிறது. மூன்று பெண்களுக்கு நான் அப்பாவாக இருக்கிறேன். வருமானம் தெரியாத இடத்தில் 72,000 என்று போடுகிறோம், குடும்பப் பெயர் இல்லாதவருக்கு அவர் பெயரையே இரண்டு முறை அடிக்கிறோம். எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது, பல கட்டத்தில் உண்மை இல்லை. அந்தக் கல்லூரியில் நாளைக்கு ஏதாவது ஆபத்து என்றால் என் போனுக்குத்தான் அழைப்பார்கள், நான் கடையில் இல்லாவிட்டால் அந்த அம்மாவுக்குத் தகவல் போகாது. காலியாக விட்ட கட்டத்தால் இந்த ஆபத்து வராது, பொய்யாக நிரப்ப வைத்த கட்டத்தால் வரும்.

வழி இல்லாமல் இல்லை. வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ-3-சி அமைப்பே, பெயர் முறை நாட்டுக்கு நாடு வேறு, பெயரைத் துண்டு போட உண்மையிலேயே தேவை இருக்கிறதா என்று யோசியுங்கள், முடிந்தால் முழுப் பெயருக்கு ஒரே கட்டம் வையுங்கள் என்று எழுதி வைத்திருக்கிறது. அரசு இணையதளங்கள் எப்படி இருக்க வேண்டும் என்று மத்திய அரசு 2009 முதல் வழிகாட்டு நெறிகள் வைத்திருக்கிறது, பார்வையற்றவர்களும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும் என்பது அதில் உண்டு. அதே போல ஒவ்வொரு கட்டாயக் கட்டத்துக்கும் எந்தச் சட்டத்தின்படி இது கட்டாயம் என்று ஒரு வரி எழுதி வைக்கச் சொல்லலாம், எழுத முடியாவிட்டால் நட்சத்திரத்தை எடுக்கச் சொல்லலாம். 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே ஒரு எடுத்துக்காட்டு இருக்கிறது. மருத்துவச் செயலி ஒன்று போனில் உள்ள தொடர்பு எண்களையும் பார்க்க அனுமதி கேட்கிறது, ஆனால் வைத்தியத்துக்கு அது தேவையில்லை, ஆகவே தேவையானதற்கு மட்டும்தான் அந்த ஒப்புதல் செல்லும் என்கிறது. அந்த அளவுகோலைக் கல்லூரிப் படிவத்தின் மேல் வைத்துப் பாருங்கள், அப்பாவின் தொழில் நிற்குமா? உட்பிரிவு நிற்குமா?

படிவம் தயாரிக்கிற பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களில் பலர் நம் ஊர்ப் பிள்ளைகள்தான், பழைய படிவத்தைக் காப்பி அடித்துப் புதிதாகச் செய்து கொடு என்று சொன்னால் செய்கிறார்கள். புதிய படிவம் வெளியாகும் முன்னால் ஒரே ஒரு நாள் அதை எங்களைப் போன்றவர்கள் கடையில் கொண்டுவந்து வைத்து, வருகிறவர்களை நிரப்பச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் போதும். மதியத்துக்குள் எல்லாப் பிழையும் தெரிந்துவிடும். டீ நான் வாங்கித் தருகிறேன்.

நாலு வருடமாக ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். எந்தப் படிவம், எந்தக் கட்டம், யார் மாட்டினார்கள், கடைசியில் என்ன பொய் எழுதி அனுப்பினோம் என்று, ஆட்களின் பெயர் போடாமல், தேதி போட்டு எழுதி வருகிறேன். இப்போது 130 பக்கம் ஆகிவிட்டது. உங்கள் நிருபர் யாராவது இந்தப் பக்கம் வந்தால் முழுவதையும் காட்டுகிறேன். காலை ஒன்பது மணிக்குக் கடையைத் திறந்துவிடுவேன், ஞாயிற்றுக்கிழமையும் உண்டு.

இப்படிக்கு,
நெட் சென்டர் நடத்தும் ஒரு வாசகர்,
விழுப்புரம் மாவட்டம்.